தொப்புளைச் சுற்றி 14 ஊசி

சேவூர், அவிநாசி, புளியம்பட்டி வட்டாரத்தில் நாய் கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பும்போது பெரியவர்கள் வாயில் இன்னமும் வந்து விழுவது அந்தப் பழைய பேச்சுதான்: தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவாங்க. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரின் வண்டியை நாய்கள் விரட்டுவது இந்தப் பக்கம் புதிதல்ல. பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறுவதும் சேர்ந்துகொள்ள, காங்கயம், தாராபுரம் பகுதி ஆடு வளர்ப்போர் இழப்பீடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆனால் அந்த 14 ஊசியை இந்தியா 2004 டிசம்பரோடு கைவிட்டுவிட்டது. மருந்து போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. இதை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சுலபம். அந்தப் பயத்துக்கு மெய்யான காரணம் ஒன்று இருந்தது என்பதும், அதை வெளிப்படையாகச் சொல்லாததால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதும் என் கட்சி.

கதை தொடங்கியது தூரதேசத்தில், நம்மிடம் வந்து சேர்ந்தது மேற்கு மலையில். 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு, நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்தைச் செலுத்தினார். இந்தியாவில் அத்தகைய சிகிச்சைக்கான முதல் நிலையம் 1900இல் இமயமலைச் சாரலின் கசௌலியில் வந்தது. கடிபட்ட தென்னாட்டுக்காரர் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் நாள் கடந்துவிடும். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைரயில் அதற்கு முன்பே, 1899இல், குன்னூரை எட்டியிருந்தது. கோயமுத்தூர் ஜில்லாவின் நாய்க்கடிக்காரர்களுக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு வழி இருந்திருக்காது.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் ஒரு மாற்றம் செய்தார். வீரியம் குறைந்தாலும் உயிரோடிருக்கும் வைரசைத் தருவதற்குப் பதிலாக, கார்பாலிக் அமிலத்தால் அதைக் கொன்றுவிட்டுத் தருவது. செய்முறை இதுதான்: ஆட்டின் மூளைக்குள் வைரசைச் செலுத்துவார்கள், சில நாளில் ஆடு கைகால் விழுந்து படுக்கும், மூளையை எடுத்து அரைத்து, 100க்கு 5 பங்கு என்று கரைத்து, அமிலம் சேர்த்து வெதுவெதுப்பில் வைப்பார்கள். வைரஸ் சாகும். அந்தக் கரைசல் கெடாமல் இருக்கும் என்பதால் தபாலில்கூட ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப முடிந்தது. மலையேறும் செலவு மிச்சம். குறை சொல்லும் முன் இந்த நன்மையை மதிக்கவேண்டும். ஆனால் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 மில்லி என்றால் அதில் கால் கிராம் ஆட்டு மூளை. 14 நாளில் மூன்றரை கிராம். வைரஸ் அதில் இம்மியளவு, மற்றதெல்லாம் மூளை.

அந்த மூளைதான் வினையானது. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு ஓரிரு வாரத்தில் கால் மரத்தது, சிறுநீர் கட்டியது, கைகால் செயலிழந்தது. சிலர் இறந்தார்கள். வெறிநோயே வந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1933இல் அதற்கு விடை தந்தார். வைரஸ் எதுவும் கலக்காத, நோயில்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். சில குரங்குகள் முடங்கின. அவற்றின் மூளையில் அழற்சி. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை உரிந்திருந்தது. நரம்புறைப் புரதங்கள் ஆட்டுக்கும் முயலுக்கும் மனிதனுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆட்டு மூளையை அந்நியப் பொருளாகக் கண்டு எழுந்த எதிர்ப்பாற்றல், உள்ளே வந்ததைத் தாக்கியதோடு நிற்காமல் சொந்த மூளைமீதும் பாய்ந்தது. 1987இல் பாங்காக்கின் திராவத் ஹேமசூதா குழுவினர், இதே ஊசியால் பாதிக்கப்பட்டவர்களின் உடலில் மையலின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் காட்டினார்கள். குன்னூரில் பின்னாளில் கார்பாலிக்குக்குப் பதில் பீட்டா-புரோப்பியோலாக்டோன் என்ற ரசாயனம் வந்தது. கொல்லும் மருந்து மாறியது, மூளை மாறவில்லை. அந்த வகை ஊசியின் நரம்புப் பாதிப்புகளைப் பற்றிப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1984இல் எழுதிவிட்டார்கள்.

வெறிநோய் வந்தால் சாவு நிச்சயம், எங்கோ ஒருவருக்கு முடக்கம் வருவதைப் பெரிதுபடுத்தலாமா என்று கேட்பார்கள். 1920க்கு இந்தக் கேள்வி சரி. நானும் அன்று அந்த ஊசியைத்தான் போடச் சொல்லியிருப்பேன். ஆனால் பாதிப்பின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறியது: சில நூறு பேருக்கு ஒருவர் என்பதிலிருந்து பல ஆயிரம் பேருக்கு ஒருவர் வரை. போதாததற்கு, கடித்த நாய்க்கு வெறியே இல்லாதபோதும் பயத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கிடைத்த நன்மை பூஜ்யம், ஆபத்து மட்டும் முழுசு.

இதைவிட வலுவான வாதம் காசு. மனித உயிரணுக்களில் வளர்த்த புதிய தடுப்பூசி 1970களில் வந்தது. ஈரானில் வெறிபிடித்த ஓநாயும் நாயும் கடித்த 45 பேருக்கு அதைப் போட்டு, 45 பேரும் பிழைத்ததை 1976இல் வெளியிட்டார்கள். ஆனால் விலை எட்டாக் கனி. ஏழை நாடு என்ன செய்யும்? இந்த வாதத்தை உடைத்தது இன்னொரு ஏழை நாடு. தாய்லாந்துக்காரர்கள் உயிரணுக்களில் வளர்த்த இத்தகைய மருந்தைத் தசையில் போடாமல் தோலுக்குள் 0.1 மில்லியாகப் போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் உயிரணுக்கள் தோலில் அடர்த்தியாக இருப்பதால் கொஞ்சமே போதுமானதாக இருந்தது. செலவு பெருமளவு சரிந்தது. 1990 வாக்கில் இது உலகறிந்த செய்தி. இந்தியா அம்முறைக்கு அனுமதி கொடுத்தது 2006இல். உலக சுகாதார நிறுவனம் நரம்புத் திசு ஊசியை விடச் சொன்னது 1980களில். நாம் விட்டது 2004இல். இடைப்பட்ட ஆண்டுகளில் காசுள்ளவர் தனியாரிடம் புது ஊசி வாங்கினார், இல்லாதவர் அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காட்டினார். பயம் யாரிடம் தங்கியது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதையெல்லாம் கிளறினால் தடுப்பூசியே வேண்டாம் என்பவர்களுக்கு அவல் கொடுத்ததாகாதா? ஆகாது என்பதற்கு இந்த வரலாறே சாட்சி. தீங்கு செய்தது வைரஸ் பகுதி அல்ல, கூட வந்த மூளை. அதைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானிகள்தான். அதை நீக்கிய ஊசியைச் செய்ததும் அவர்கள்தான். ரிவர்சின் குரங்குகளில் தொடங்கிய சோதனைமுறை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பழற்சி நோய்க்கு மருந்து தேடும் பாதையுமானது. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னான், துவோரா டைட்டெல்பாம் மூவரும் மையலின் புரதத்தைப்போல ஒரு செயற்கைப் பொருளைச் செய்து, விலங்குகளுக்கு முடக்கம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அது முடக்கத்தைத் தடுத்தது. கிளாடிராமர் என்ற அந்த மருந்துக்கு அமெரிக்கா 1996இல் அனுமதி தந்தது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில், இரண்டு மேற்கைகளிலும் சிறு அளவு மருந்துதான். குன்னூரும் ஆட்டைவிட்டு வீரோ என்ற உயிரணு வகையின் வளர்ப்புக்கு மாறிவிட்டது. புது ஊசி போட்டும் சிலர் இறக்கிறார்களே என்றால், பெரும்பாலும் காரணம் ஊசி அல்ல, காலம். தடுப்பூசியால் உடல் தன் ஆன்டிபாடிகளைத் திரட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். முகத்திலோ விரலிலோ ஆழமாகக் கடித்தால் வைரஸ் அவ்வளவு நாள் காத்திராது. அதனால்தான் முதல் நாளே, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிய காயத்துக்குள், தயாரான ஆன்டிபாடியையே செலுத்தவேண்டும். குதிரையின் ரத்தத்திலிருந்தும் மனித ரத்தத்திலிருந்தும் எடுக்கும் ஆன்டிபாடிக்கு மாற்றாக, ஆய்வகத்தில் செய்த ஒற்றை ஆன்டிபாடி மருந்து ஒன்று இந்தியாவில் 2017 முதல் கிடைக்கிறது. சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பிக்கொண்டு மூன்றாம் நாள் வருகிறவரின் காயத்தில் அது செய்யக்கூடியது குறைவு.