கற்பூரத்துள் இடமும் வலமும்

வலக்காலின் பாதரட்சை இடக்காலுக்குப் பொருந்துவதில்லை. உருவில் ஒத்திருந்தும் ஒன்று மற்றதன் ஆடி விம்பம். சில சேர்வைகளின் மூலக்கூறுகளும் இத்தகையனவே.

1848 ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரில், இருபத்தைந்து வயதினரான லூயி பாஸ்டர், ஒளியைத் திருப்பாத தாத்தாரிக் அமில வகையொன்றிலிருந்து பெற்ற சோடியம் அமோனியம் உப்பின் பளிங்குகளைக் கூர்ந்து நோக்கினார். சிறு முகமொன்று சிலவற்றில் வலப்புறமாகவும் சிலவற்றில் இடப்புறமாகவும் அமைந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்து, வெவ்வேறாகக் கரைத்தார். ஒரு கரைசல் முனைவாக்கிய ஒளியை வலப்புறமாகத் திருப்பிற்று. மற்றது இடப்புறமாகத் திருப்பிற்று.

அவருக்கு நல்லூழும் துணைநின்றது. அவ்வுப்பு ஏறக்குறைய 27 பாகை சதமவளவைக்குக் கீழேதான் இவ்வாறு தனித்தனியே பளிங்காகும். கொழும்பின் நண்பகலில் அச்சோதனை நிகழ்ந்திருப்பின், பிரிப்பதற்கு ஒன்றும் கிடைத்திராது!

பிற பொருள்களின் நிலை என்ன? 1899 இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் பாக்குயிஸ் ரோசபூம் இதனைத் தெளிவுபடுத்தினார். ஆடி விம்பங்கள் தனித்தனிப் பளிங்குகளாகலாம். ஒன்றுக்கொன்று என்ற ஒழுங்கில் இணைந்து ஒரே சேர்வையாகலாம். இவையன்றி, மிக அரிதாக, எந்த விகிதத்திலும் ஒரே பளிங்கினுள் கலந்திருக்கலாம். இதுவே திண்மக் கரைசல். கண்ணுக்குப் புலப்படாத இவ்வேற்றுமையை அவர் உருகுநிலையைக் கொண்டு கண்டறிய வழிவகுத்தார்.

தனித்தனிப் பளிங்குகளின் கலவை, தூய பொருளிலும் தாழ்ந்த வெப்பத்தில் உருகும். கற்பூரமோ அவ்வாறன்று. வலக்கற்பூரமும் இடக்கற்பூரமும் எவ்விகிதத்திற் கலந்தாலும், ஏறத்தாழ 178 பாகையிலேயே உருகும். காரணம் எளிது. கற்பூர மூலக்கூறு உருண்டை வடிவை அண்டியது; பளிங்கினுள்ளேயே புரண்டு சுழல்வது. ஆதலின் வலத்தின் இருக்கையில் இடம் அமர்ந்தாலும் அயலவருக்கு இடைஞ்சல் இல்லை.

இரசாயனருக்கோ இது பெருந்தொல்லை. மருந்துகள் சிலவற்றில் ஒரு வடிவம் நோய் தீர்க்க, அதன் விம்பம் பயனற்றதாகவோ தீங்கானதாகவோ இருக்கும், பிரித்தே ஆகவேண்டும். ஆனால் பாஸ்டரின் இடுக்கி இங்கே உதவாது. கற்பூரம் போன்றவற்றை உருக்கி மீண்டும் உறையவைத்தாலும், திண்மத்திலும் திரவத்திலும் அதே விகிதமே எஞ்சும்.

மரத்திலிருந்து வடித்த கற்பூரம் பெரும்பாலும் வலவகை. பைன் மரப்பிசினின் தைலத்திலிருந்து ஆலையில் ஆக்கப்படுவது இரண்டும் சரிபாதி கலந்தது. ஆரத்தித் தட்டில் எரியும்போது இரண்டும் ஒன்றுபோலவே எரியும். கரைத்து, முனைவாக்கிய ஒளியை ஊடே செலுத்தினாலன்றி இது எவ்வகையெனக் கூறல் அரிது.