பங்கிடுதலுக்குள் சமம் இருக்கிறதா?

'பங்கு பிரிக்கிறம்' என்று யாரும் சொன்னால், எல்லாருக்கும் ஒரே அளவு என்றுதான் நாங்கள் நினைக்கிறம். ஆனால் அந்த வினைச்சொல்லுக்குள்ள சமம் இல்லை. பகு, பகிர், பங்கிடு எல்லாமே பிரிப்பதைத்தான் சொல்லுது, அளவைச் சொல்லாது. அதனாலதான் 'சமனாக', 'சரிபாதி' என்று இன்னொரு சொல்லை ஒட்ட வேண்டியிருக்கு.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் பாருங்கோ. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக் என்ற அதிகாரி ஊர் வழக்கங்களைத் திரட்டி எழுத, 12 முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். அதன்படி சீதனம் வாங்கின மகளுக்கு, சகோதரர் இருக்கும்வரை, பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கில்லை. முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு. சில வீடுகளில் சீதனமே பெரிய துண்டாக இருந்தது, ஆகவே குறைஞ்சது யாருக்கு என்பது லேசான கேள்வி இல்லை. இதற்கும் பெயர் பங்கிடுதல்தான்.

காணியைக் கூறு போடலாம். கிணற்றை என்ன செய்வது? அதனால் கிணற்றுப் பங்கு என்பது நேரமாக மாறியது: இன்றைக்கு இவர் இறைப்பு, நாளைக்கு மற்றவர். காணி உறுதிகளில் அந்தப் பங்கைப் பின்னக் கணக்கில், வாய்க்கால் உரிமையோடு சேர்த்து எழுதினார்கள். எங்களுக்கு வியப்பு, அவ்வளவு நுணுக்கமான கணக்கு.

அதே ஊர்களில்தான் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் அந்தக் கிணறுகளில் கை வைக்க விடப்படாமல், வெறுங்குடத்தோடு தள்ளி நின்று, யாராவது அள்ளி ஊத்தும்வரை காத்திருந்தது.