கடல் கொண்டுவந்த சங்கங்குப்பி

காரைநகர்த் தீவின் கரையில் அடம்பன்கொடியும் இராவணன் மீசையும் முடிகிற இடத்தில், கண்டல் மரங்களுக்குப் பின்னால், உப்பு ஊறிய மண்ணில் படர்ந்து நிற்கும் பச்சைப் புதர்தான் சங்கங்குப்பி. பீநாறி என்றும் அதற்குப் பெயருண்டு. இலையைக் கசக்கினால் முகஞ்சுளிப்போம். பூவிலோ மெல்லிய நறுமணம். வெள்ளைப் பூக்கள் மும்மூன்றாக வரும். ஒடுங்கி நீண்ட குழலின் வாயிலிருந்து நான்கு ஊதா மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டி நிற்கும். முதலில் மகரந்தம் தரும் அந்தத் தாள்கள் நிமிர்ந்திருக்கும். அவை சுருண்ட பிறகே சூல்தண்டு நிமிர்ந்து மகரந்தத்தை ஏற்கும். தன் மகரந்தம் தன்மீதே விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. துளசியும் தும்பையும் கற்பூரவள்ளியும் இதற்கு உறவு.

இந்தச் செடி ஊர் ஊராகப் போனது கடல்வழியாகத்தான். காய் முற்றியதும் நான்காகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை. அதைச் சுற்றித் தக்கையான ஓடு. உப்புநீரில் மிதந்து, அலை ஒதுக்கிய மேட்டில் மழைநீர் கிடைத்தால் முளைத்துவிடும். இந்தியாவிலிருந்து இலங்கை, மலாயா, வட அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை கரைகளில் இது நிற்பதற்கு அந்தத் தக்கை ஓடு பெரிய காரணம்.

காகிதத்தில் அதன் பயணம் வேறு. கொச்சியில் ஒல்லாந்தக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற மலையாள வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் ஐந்தாம் பாகத்தில் இச்செடி ‘நீர்நொச்சி’ என்ற பெயரோடு படமாக இருக்கிறது. அதே ஒல்லாந்தக் கம்பெனிதான் 1658 முதல் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவிலுள்ள கடற்கோட்டையில் காவல் வைத்திருந்தது. அந்தக் கம்பெனியின் இன்னொரு ஊழியர் ரும்பியுஸ், இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இதைக் கரையோர மல்லிகை என்று எழுதினார். 1670இல் அவருக்குக் கண் பார்வை போனது. 1692இல் அவரது நூலின் கையெழுத்துப் படியை ஏற்றிய கப்பல் கடலில் மூழ்கியது. பிரதியொன்று தப்பியதால் அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின், 1741இலிருந்து, நூல் அச்சேறியது. பார்வையில்லாமலே அந்த வேலையை விடாமல் செய்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

1753இல் லின்னேயஸ் இதற்கு வோல்க்கமேரியா இனெர்மிஸ் என்று பெயரிட்டார். காய்களை ஆராய்ந்த கேர்ட்னர் 1788இல் கிளரோடென்ட்ரம் பேரினத்துக்கு மாற்றினார். மரபணு ஆய்வுக்குப் பின் 2010இல் லின்னேயஸ் வைத்த பெயரே திரும்பி வந்தது. குடும்பமும் மாறியது: தேக்கோடும் நொச்சியோடும் வெர்பினா குடும்பத்தில் இருந்த செடி, 1990களில் துளசிக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

ஊரில் இதற்கு வேலை வேறு. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நிற்கும் வேலிகள் உள்காணிக்குச் சரி. உப்புக்காற்று நேராக அடிக்கும் கடலோரக் காணிக்குச் சங்கங்குப்பி வேலிதான் பொருத்தம். கசப்பினால் ஆடுமாடு அதை மேயாது. வெட்ட வெட்டத் தழைக்கும். சித்த வைத்தியம் சொறி சிரங்குக்கு இதன் இலையைப் பயன்படுத்துகிறது. வேர் மணலைப் பிடித்துக்கொள்ளும்.

உலகக் கணக்கில் இது அரிய செடியல்ல, அதனால் இதற்காகக் கவலைப்படுவார் இல்லை. ஆனால் ஒரு தீவின் கரைக்கு அந்தக் கணக்கு போதாது. கண்டலுக்கும் காணிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பட்டையில்தான் விதை ஒதுங்கி முளைக்க வேண்டும். அங்கே சீமெந்து மதில் எழுந்தால் அலை கொண்டுவரும் விதைக்கு இடமில்லை. அந்தப் பட்டையை வெறும் பற்றைக்காடு என்று துப்புரவாக்குவது பெரிய பிழை என்பேன்.

வெளிநாட்டிலிருந்து வந்து கடலோரக் காணியைத் திருத்துகிறவர்களே, மதில் கட்டத்தான் வேண்டுமென்றால் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கட்டுங்கள். வெளிப்புறத்தில் மாரி தொடங்கும்போது சங்கங்குப்பிக் கொப்புகளை வெட்டி ஊன்றிவிடுங்கள். தடியிலிருந்தே வேர்விடும் செடி அது.