இராஜா வேஷமும் நமது சிரிப்பும்

ரஹாங்கைச் சூழ்ந்த கித்தாத் தோட்டங்களில் பிறந்து, பின்னர் சிரம்பான் பட்டணத்தில் குடியேறிய நம்மவர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினும் திடலில் பார்த்த படக்காட்சியில் வந்து நிற்கும். வெள்ளைத் திரை, விரித்த பாய், திரையிலே இராஜா ராணி! அக்காலம் இனி வருமா என்று பெருமூச்செறிவர். அப்பெருமூச்சைச் சற்று ஆராய நாம் விரும்புகிறோம்.

1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'உத்தம புத்திர'னை வெளியிட்டனர். பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் புனைந்தார். பிரெஞ்சு ஆசிரியர் துமாஸின் இரும்பு முகமூடிக் கதையே அதற்கு மூலம். 1958-இல் அதே பெயரில் சிவாஜி கணேசன் இரு வேடம் தாங்கினார். கொடிய இராஜா ஒழிந்தான், அவனுடன் பிறந்த நல்லவன் முடி தரித்தான். சிம்மாசனமோ இருந்த இடத்திலேயே இருந்தது! ஜனங்கள் 'வாழ்க' என்று முழங்குவதற்கன்றி வேறெதற்கும் அரண்மனைக்குள் வரவில்லை.

கேலிச்சித்திரக்காரர் சிம்புதேவன் இவ்விரட்டையர் கதையையே எடுத்து, 2006-இல் 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி'யாக்கினார். அதே தர்பார், அதே தூய வசனம்; ஆனால் அரியணையில் அமர்ந்தவரோ வடிவேலு! மெலிந்த அரசனின் தலையைப் பயில்வான் உடலில் ஒட்டி ஓவியம் தீட்டுகிறார்கள். ஜாதிச் சண்டைக்கென்றே அரசன் மைதானம் திறந்து வைக்கிறான். இக்காட்சி ஒன்றுக்காகவே அப்படத்தை நாம் போற்றுவோம். பழைய இராஜா படங்கள் பெரும்பாலும் மறைத்து வைத்ததை அது நடுத்தர்பாரில் இழுத்து வந்து நிறுத்திற்று. பழைய படங்களை நேசிக்காதவருக்கு இப்படி எடுக்கவும் வராது என்பது வேறு செய்தி.

அமெரிக்கரும் இவ்வகையில் ஒரு படம் எடுத்துள்ளனர். 1998-இல் கேரி ராஸ் இயக்கிய 'பிளஸன்ட்வில்' படத்தில், அண்ணன் தங்கை இருவர் 1950-களின் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்குள் புகுந்துவிடுகின்றனர். கருப்பு வெள்ளை ஊர், அங்கே தீயணைப்போருக்குப் பூனையை மரத்திலிருந்து இறக்குவதைத் தவிர வேலையில்லை, புத்தகங்களிலோ எழுத்தேயில்லை! மெல்ல மெல்லச் சிலர் மேனியில் வர்ணம் ஏறியதும், நிறமுள்ளோருக்கு இடமில்லை என்று கடைகளில் பலகை தொங்குகிறது. அந்நாட்டிலே கறுப்பு மக்களுக்கு எதிராக மெய்யாகவே தொங்கிய பலகை அது.

நமது தோட்டங்களுக்குப் பலகை எதற்கு? மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணி வீடு, பள்ளத்தில் லயங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பொழுது சாய்ந்தபின் பாய் விரித்தவர்களே திரையிலிருந்த இராஜாவுக்குக் கைதட்டினர்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கிற்று. வர்ணம் வந்தது 1978-இல். அப்பெட்டி லயத்துக்குள் நுழைந்தபின் திடல் காலியாயிற்று. பின்னர் தோட்டங்களும் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. திடலை நினைத்து ஏங்குவோரை நாம் குறை கூறோம். பேரப்பிள்ளைகளுக்குப் படக்காட்சியைச் சொல்கையில், மறுநாள் விடியலில் அடித்த பெரட்டு மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம்.