வீடு–பணியிடப் பயணமும் வருமான வரியும்

காட்டாங்குளத்தூரில் மின்சார ரயிலேறித் தாம்பரத்துக்கு வேலைக்குப் போகிறவரின் சீசன் டிக்கெட்டை இந்திய வருமான வரிச் சட்டம் கண்டுகொள்வதில்லை. எங்கே குடியிருப்பது என்பது அவரவர் விருப்பம். அதனால் வரும் செலவும் அவரவருடையது.

முன்பு சின்னச் சலுகை ஒன்று இருந்தது. போக்குவரத்துப் படியில் மாதம் ரூ.800 வரையும், 2015 ஏப்ரல் முதல் ரூ.1,600 வரையும் வரி கிடையாது. 2018 பட்ஜெட் அதையும் மருத்துவச் செலவுச் சலுகையையும் எடுத்துவிட்டு சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ள ரூ.40,000 நிலைக்கழிவைக் கொடுத்தது. பின்னர் அது ரூ.50,000 ஆனது, 2024-25 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் ரூ.75,000. தினமும் ரயிலில் நசுங்கினாலும் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்தாலும் அதே தொகைதான். இரண்டு இடங்களில் சம்பளம் வாங்கினாலும் ஒரே கழிவுதான்.

பணியிடங்களுக்கு இடையிலான பயணம் வேறு கணக்கு. காலையில் மறைமலை நகர் ஆலை, மதியம் தாம்பரம் கிளை என்று நிறுவனம் அனுப்பினால், அதற்குத் தரும் பயணப்படியில் உண்மையில் செலவான அளவுக்கு வரி இல்லை. படி தராத நிறுவனத்தின் ஊழியர் பெட்ரோல் ரசீதைச் சேர்த்துவைத்துப் பயனில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்ஸில் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவதும் வரிக்குரிய சலுகையாகாது.

இரண்டு கிளினிக் நடத்தும் மருத்துவர், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் செலவைத் தொழிற்செலவாகக் காட்டலாம். வரவில் பாதியை வருமானமாகக் கொள்ளும் அனுமான வரிமுறையில் அது தனியாகக் கழியாது.

வீட்டிலிருந்து தொழிலிடத்துக்குப் போகும் செலவு பற்றிப் பிரிட்டனிலும் வழக்குகள் நடந்தன. 1952-இல் நியூசம் என்ற வழக்கறிஞரால், வீட்டிலும் தொழில் பார்ப்பதாக வாதிட்டும் லண்டன் அலுவலக அறைக்கான பயணச்செலவைக் கழிக்க முடியவில்லை. 1971-இல் ஹார்ட்டன் என்ற கொத்தனார் வென்றார்: தளத்துக்குத் தளம் மாறும் அவருக்கு வீடே தொழிலிடம் என்று நீதிமன்றம் ஏற்றது.