பணிச்சோர்வு: மைசூருவின் அவசர சிகிச்சைப் பணியாளர்கள்
தீராத வேலை நெருக்கடியால் உள்ளம் வற்றிப்போகும் நிலை பணிச்சோர்வு எனப்படும். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் இதில் மூன்று கூறுகளைக் காண்கிறது: உணர்வு வறட்சி, நோயாளியிடம் ஒட்டாமை, சாதித்த நிறைவு குறைதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அல்லாமல் வேலைசார் நிகழ்வாக வகைப்படுத்தியது. அது சரியே, பணியமைப்பின் குறையை ஆளின் பலவீனமாகப் பார்க்கக் கூடாது.

மைசூரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த கே.ஆர். மருத்துவமனைக்கு அண்டை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். கர்நாடகத்தில் 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும் அவசர நோயாளிகளை அங்கே கொண்டுவருகிறது. இத்தகைய அவசரப் பிரிவில், மரணச் செய்தியை உறவினரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடும் செவிலியருக்கு அழவும் நேரமில்லை. ஆயினும் நின்ற மூச்சு திரும்பும் கணம் தரும் நிறைவு பெரிது. சோர்வும் நிறைவும் ஒரே ஆளிடம், ஒரே இரவில் சேர்ந்திருக்கும்.