இது உண்மையான பச்சையா, சார்?



அண்மையில் வகுப்பறை அலமாரியைத் துப்புரவு செய்தபோது, அட்டைச் சட்டமிட்ட வண்ணப் படவில்லைகள், அதாவது ஸ்லைடுகள், அடங்கிய பெட்டி ஒன்று கிடைத்தது. ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மாணவி, "இது உண்மையான பச்சையா, சார்?" என வினவினாள். படச்சுருள் காலத்து இயற்கைப் படக்கலைஞர்களை வாட்டிய கேள்வியும் அதுவே. கேமராவில் எந்தச் சுருளைப் பூட்டுவது என்பதே அவர்களது முதல் முடிவு.

நெகட்டிவ் சுருளில் எடுத்த படத்தை அச்சிடும்போது ஓரளவு திருத்தலாம். படவில்லையிலோ சுருளில் பதிந்ததே இறுதிப் படம். ஒளியளவில் அரை நிறுத்தம் தவறினாலும் வெண்கொக்கின் இறகு வெளிறிவிடும். இல்லையேல் நிழலில் உள்ளவை இருண்டுவிடும்.

35 மில்லிமீட்டர் படவில்லைகளாகக் கோடக்ரோம் 1936-இல் விற்பனைக்கு வந்தது. அதன் சாயங்கள் சுருளிலேயே இருப்பதில்லை, கழுவும்போதே சேர்க்கப்படும். ஆகவே உலகின் சில கூடங்களில் மட்டுமே அதைக் கழுவ முடிந்தது. இருளில் பாதுகாத்தால் வண்ணம் நெடுங்காலம் நிலைக்கும் என்பது அதன் பெருமை. எக்டாக்ரோம் முதலிய பிற சுருள்களில் சாயத்தின் மூலப்பொருள் சுருளிலேயே உண்டு. 1970களின் பிற்பகுதியில் இ-6 முறை வந்தபின் அவற்றை நகரத்துக் கூடங்களிலேயே கழுவ முடிந்தது.

1990-இல் வந்த ஃபியூஜி நிறுவனத்தின் வெல்வியா பலரை மயக்கியது. அதன் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 50 மட்டுமே; நுண்துகள் மிகக் குறைவு; பச்சையும் சிவப்பும் கண்ணால் கண்டதைவிடச் செறிவாக எழும். லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலைப் பூக்கடைகளை அதில் எடுத்தால் மாலைகள் தீப்பற்றி எரிவனபோல் தோன்றும். சுவரில் மாட்ட அது அழகுதான். ஓர் உயிரினத்தை அதன் நிறத்தைக் கொண்டு அடையாளங்காண விழைவோர்க்கோ அதுவே இடர்.

நம் தீவில் மற்றொரு சிக்கலும் உண்டு. புக்கிட் தீமா மழைக்காட்டின் தரையை எட்டும் வெயில் மிகச் சிறு பங்கே. முக்காலியில் கேமராவை நிறுத்திப் பல விநாடி திறந்து வைக்க நேரும். வெல்வியாவில் 4 விநாடியை எட்டினாலே ஒளியளவுத் திருத்தம் வேண்டும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த புரோவியா 100எஃப் சுருளுக்கு 128 விநாடி வரை அது தேவையில்லை. அதன் வண்ணமும் அடக்கமானது. கவர்ச்சியை விட்டு நம்பகத்தை நாடியவர்கள் அதைத் தேர்ந்தனர்.

வண்ணப் பதிவு எத்துணை முக்கியம் என்பதற்குச் செக் ஜாவா சான்று. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள இக்கரையை மண்ணிட்டு நிரப்பத் திட்டமிருந்தது. 2001-இல் இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் வற்றுநேரங்களில் அங்குச் சென்று கடற்சாமந்திகளையும் நட்சத்திர மீன்களையும் படமெடுத்துப் பதிவுசெய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோகூர்ப் பகுதியில் பெய்த பெருமழையால் நன்னீர் பெருகி, அக்கரையில் எண்ணற்ற உயிர்கள் மடிந்தன. முன்பு அங்கு என்னென்ன வாழ்ந்தன என்பதற்கு அந்தப் படங்களும் ஆய்வுக் குறிப்புகளுமே சாட்சி. அத்தகைய சாட்சி நிறத்தில் மிகைப்படுத்தினால் நாம் யாரை நம்புவது?

டிஜிட்டல் கேமராவின் வரவால் இந்தத் தேர்வு மெல்ல மறைந்தது. கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை 2004-இலும், கோடக்ரோமை 2009-இலும் நிறுத்தியது. எக்டாக்ரோம் மட்டும் சில ஆண்டு இடைவெளிக்குப்பின் 2018-இல் மீண்டும் வந்தது.

மாணவிக்கு நான் அளித்த விடை இதுதான்: "அது அந்த இலையின் பச்சை, அந்தச் சுருளின் பச்சையும் கூட. எந்தச் சுருள் என்று தெரிந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்." நம் பெட்டியின் சட்டங்களில் சுருளின் பெயரும் இல்லை, இடமும் இல்லை, தேதியும் இல்லை. சில வில்லைகளில் பூஞ்சையும் படர்ந்துவிட்டது.

உங்கள் இல்லத்தில் இத்தகைய பெட்டி இருப்பின், ஈரம் புகாத இடத்திற்கு மாற்றுங்கள். எடுத்தவர் உயிருடன் இருக்கும்போதே இடத்தையும் ஆண்டையும் கேட்டுச் சட்டத்தில் எழுதிவையுங்கள். புரொஜெக்டரின் கடும் ஒளி சாயத்தை வெளிறச் செய்யும். ஆகவே ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, மூலத்தை இருளில் வையுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.